எல்க் கறியைத் தனியாளாக மலையிலிருந்து இறக்க முடியுமா?

கேள்வி | ஆகஸ்ட் 27

வணக்கம். டென்வர் வந்து கொஞ்ச வருஷம் ஆச்சு. இந்தத் தடவை கொலராடோ இரண்டாவது ரைபிள் சீசனுக்கு (துப்பாக்கி வேட்டைக்கு விடுற காலம்) ஆண் எல்க், அதாவது இங்கே இருக்கிற பெரிய மான், ஒண்ணு சுட டேக் (அனுமதிச்சீட்டு) எடுத்திருக்கேன். கூட வர ஆள் இல்லை, தனியாத்தான் போறேன். வண்டி நிக்கிற இடத்துலேர்ந்து அஞ்சு மைல் உள்ளே போனாத்தான் ஜனக்கூட்டம் இருக்காது, மிருகம் இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. மாரத்தான் ஓடுற உடம்புதான். கறியை ரெண்டு நடையில இறக்கிடலாம்ல?

ஆகஸ்ட் 27, இரவு

ரெண்டு நடையா! தம்பி, முதல்ல எடையைப் போடுவோம். வளர்ந்த ஆண் எல்க் உயிரோடு 300 கிலோவைத் தாண்டும். தோல், குடல், தலை, குளம்பு எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். பின்னந்தொடை எலும்போடு ஒன்று 25 முதல் 30 கிலோ. முன்கால் ஒன்று 18 கிலோ பக்கம். முதுகுக்கறி, கழுத்து, விலா இடுக்கில் சுரண்டுவது எல்லாம் சேர்ந்து இன்னொரு 25, 30. மொத்தம் 110, 120 கிலோ வரும். கொம்பும் தலையும் வேண்டுமென்றால் அது தனிக்கணக்கு. உங்கள் துப்பாக்கி, தண்ணீர், மழைச்சட்டை இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

30 கிலோ என்பது வீட்டில் நிறைந்து வந்து இறங்கும் கேஸ் சிலிண்டர். அதை முதுகில் கட்டிக்கொண்டு 10,000 அடி உயரத்தில், வண்டு அரித்துச் சாய்ந்து கிடக்கும் மரங்களைக் காலைத் தூக்கித் தூக்கித் தாண்டி இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு அல்லது ஐந்து சுமை ஆகும். ஐந்து என்றால், சுமையோடு ஐந்து தடவை இறங்கி, வெறுங்கையோடு நான்கு தடவை ஏறவேண்டும். அஞ்சு மைல் உள்ளே சுட்டால் 45 மைல் நடை, அதில் 25 மைல் சிலிண்டரோடு. ரெண்டு மைலில் சுட்டால் அதே வேலை 18 மைலில் முடியும்.

ஆக, தனியாளாக முடியுமா என்றால் முடியும். அஞ்சு மைலில் முடியாது, அல்லது முடிவதற்குள் கறி கெட்டுவிடும்.

ஆகஸ்ட் 28

மாரத்தானைப் பற்றி நக்கல் அடித்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூச்சு நன்றாக இருப்பது பெரிய வரம். ஆனால் சுமையோடு இறங்கும்போது வேலை செய்வது நுரையீரல் இல்லை, தொடையின் முன்சதையும் முழங்காலும். ஓட்டக்காரர்களுக்கு அந்தச் சதை பழகியிருக்காது. இப்போதிலிருந்தே பையில் மணல் மூட்டையைப் போட்டுக்கொண்டு படி இறங்குங்கள். ஏறுவதற்கு லிஃப்டில்கூடப் போகலாம், இறங்குவதுதான் பயிற்சி. கையில் இரண்டு ஊன்றுகோல் கட்டாயம். எனக்கு அது கிழவர்கள் சமாச்சாரம் என்று ஓர் எண்ணம் இருந்தது. முதல் பின்னந்தொடையோடு எண்ணமும் இறங்கிவிட்டது.

ஆகஸ்ட் 30

சக்கரவண்டியில் கட்டி உருட்டலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உருட்டலாம். பழைய மரம்வெட்டிப் பாதை இருந்தால் அதைவிடச் சுகம் வேறில்லை. ஆனால் ‘வில்டர்னெஸ்’ என்று அறிவித்த காட்டுக்குள் சக்கரமே கூடாது. 1964ஆம் ஆண்டுச் சட்டம். மோட்டார் மட்டுமல்ல, சைக்கிள், கைவண்டி எல்லாம் தடை. கொலராடோவில் ஃப்ளாட் டாப்ஸ், வெமினூச் போன்ற வில்டர்னெஸ் காடுகளுக்குப் போகிறவர்கள் வரைபடத்தில் எல்லையைப் பார்த்துவிட்டு வண்டி வாங்குங்கள். அங்கே முதுகு, இல்லையென்றால் நாலுகால் பிராணி.

செப்டம்பர் 2

நான் சொல்ல வந்ததே இதைத்தான், மேலே எடைக்கணக்கில் விட்டுப்போயிற்று. எத்தனை மைல் என்பதைவிட, வண்டிக்கு மேலேயா கீழேயா என்று பாருங்கள். சாலை பள்ளத்தாக்கில் இருந்து எல்க் மேட்டில் விழுந்தால் சுமையோடு இறக்கம், வெறுங்கையோடு ஏற்றம். சாலை மலைமுகட்டில் இருந்து எல்க் கீழே கிடந்தால் எல்லாம் தலைகீழ். ஒரே ஒரு மைல்தான், ஆனால் 1,500 அடி ஏற்றம் என்றால் அந்த ஒரு மைல் மூன்று மைலைத் தின்றுவிடும்.

வீட்டிலேயே சமஉயரக்கோட்டு வரைபடத்தை விரித்துவைத்து, “இந்தக் கோட்டுக்குக் கீழே சுடமாட்டேன்” என்று பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மலையில் போய் முடிவெடுக்கக் கூடாது. அங்கே ஆறு கிளைக் கொம்போடு ஒன்று நிற்கும்போது நம் புத்தி நம்மிடம் இருக்காது. மாரீசன் பின்னால் போன கதைதான்.

கொலராடோவில் கன்னிசன் ஊர்ப் பக்கம் ஒரு சாயங்காலம். எதிர்ச்சரிவில், ஓடைக்குக் கிட்டே, ஒரு பெரிய ஆண் பக்கவாட்டில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. தூரம் சரி, காற்று சரி. என்னோடு வரும் பெரியவர் (பண்ணைக்காரர், எழுபது தாண்டியவர்) பைனாகுலரை இறக்கிவிட்டு, “அழகாகத்தான் இருக்கு, அது அங்கேயே இருக்கட்டும்” என்றார். நான் ஓடையிலிருந்து எங்கள் முகடு வரைக்கும் கண்ணால் ஒருமுறை ஏறிப் பார்த்தேன். பாறைச்சரிவு, அதற்கு மேல் குட்டை ஓக் புதர், அதற்கு மேல் மறுபடியும் பாறை. துப்பாக்கியைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் காபி குடித்தோம்.

செப்டம்பர் 3

காற்று என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டேன், அதை விளக்கச் சொல்கிறார்கள். மலைச்சரிவில் விடிகாலைக் குளிர்காற்று கீழ்நோக்கி வழியும். வெயில் பட்டுத் தரை சூடானதும் மேல்நோக்கித் திரும்பும். சாயங்காலம் மறுபடி கீழே. எல்க் கண்ணை ஏமாற்றலாம், காதைக்கூடக் கொஞ்சம் ஏமாற்றலாம், மூக்கை முடியாது. அதனால் காலையில் அதற்குக் கீழே இருந்து அணுகுவது, வெயில் ஏறியபின் மேலே இருந்து அணுகுவது. விபூதி டப்பா மாதிரி ஒரு சின்னப் புட்டியில் பவுடர் விற்கிறார்கள், ஊதிப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் என்று தெரியும்.

செப்டம்பர் 6

எலும்பை அங்கேயே கழற்றுவதா வேண்டாமா? சந்தேகமே இல்லாமல் கழற்றிவிடுங்கள். எலும்பை யாரும் தின்னப்போவதில்லை. தனிக்கறியாக எடுத்தால் ஒரு முழு நடை மிச்சமாகும்.

செப்டம்பர் 8

எலும்போடு சுமப்பதே மேல் என்று மான்டானாக்காரர் ஒருவர் மறுத்து எழுதியிருப்பதைப் படித்தேன். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. எலும்போடு இருக்கும் தொடை விறைப்பாக நிற்கும், பையின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினால் அசையாது. தனிக்கறி கொழகொழவென்று அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு எட்டுக்கும் அது ஒரு பக்கம் ஆடும், நீங்கள் இன்னொரு பக்கம் ஆடுவீர்கள். சரிவில் அது ஆபத்து. இன்னொன்று, 30 கிலோ தனிக்கறியை ஒரே பையில் திணித்தால் நடுவில் சூடு மாட்டிக்கொண்டு ஆறவே ஆறாது. எலும்போடு இருக்கும் தொடையை மரக்கிளையில் தொங்கவிட்டால் நாலு பக்கமும் காற்றுப் படும்.

ஆகவே “சந்தேகமே இல்லாமல்” என்பதைத் திரும்பப் பெறுகிறேன். தூரம் குறைவு, சுமக்கப் பிராணி இருக்கிறது என்றால் எலும்போடு. தூரம் அதிகம், நீங்கள் தனியாள் என்றால் தனிக்கறி. ஆனால் கழற்றிய கறியைச் சின்னச் சின்னப் பைகளாகப் பிரித்து, முதலில் பாறை மேலோ கிளை மேலோ பரப்பி ஆறவிட்டு, பிறகு பையின் மேல்பாதியில், தோள்களுக்கு நடுவே வருகிற மாதிரிக் கட்டுங்கள். அடியில் தூங்கும் பையையோ ஜாக்கெட்டையோ திணித்துக் கறியை உயர்த்துங்கள்.

செப்டம்பர் 8, கொஞ்ச நேரம் கழித்து

அப்படியே கழற்றாவிட்டாலும் பின்னந்தொடையை இடுப்பு மூட்டிலிருந்து உடனே பிரித்தே ஆகவேண்டும். சூடு கடைசிவரை ஒளிந்திருக்கும் இடம் அந்த மூட்டுதான். வெளியே தொட்டால் ஜில்லென்று இருக்கும், உள்ளே எலும்பை ஒட்டிக் கறி புளித்துப்போயிருக்கும். வீட்டுக்கு வந்து அறுக்கும்போதுதான் நாற்றம் சொல்லும்.

செப்டம்பர் 14

வில்லம்பு வேட்டை சீசனில் போயிருக்கும் நண்பருக்கு அவசரக் குறிப்பு. செப்டம்பர் மதியம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டும், ஈ மொய்க்கும். தோலை முதலில் உரியுங்கள். அந்த ரோமக் கம்பளி பனியில் உயிரோடு இருப்பதற்காக அமைந்தது, செத்தபிறகும் சூட்டை விடாது. மெல்லிய துணிப்பை போட்டு, வடக்குச் சரிவின் நிழலில், ஓடைப் பக்கம் குளிர் தேங்கும் பள்ளத்தில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது. பிளாஸ்டிக்கில் போட்டால் வேர்த்து அவிந்துவிடும். கறியின் மேல் மிளகுத்தூள் தூவினால் ஈ முட்டையிடத் தயங்கும். மிளகு நம் வீட்டில் பஞ்சமா என்ன.

அக்டோபர் கடைசியில் போகிறவருக்கு இந்தக் கவலை பாதிதான். அவருடைய பிரச்சனை பனி.

செப்டம்பர் 19

“மானைக் கொன்று பெருமை வேறு” என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். கோபம் நியாயமானதுதான், நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு கடமான் மேல் கை வைத்தால் ஜெயில். அந்தச் சட்டம் அங்கே இருக்க வேண்டியதுதான், எனக்கு அதில் மாற்றுக்கருத்தே இல்லை.

இங்கே கதை வேறு வழியில் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சந்தைக்கு விற்பதற்காகச் சுட்டுச் சுட்டே எல்க்கை ஏறக்குறைய துடைத்துவிட்டார்கள். கிழக்குப் பகுதியில் இருந்த இனம் அடியோடு அழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலராடோவில் மிஞ்சியது கொஞ்சம்தான், வயோமிங்கிலிருந்து ரயிலில் கொண்டுவந்து விட்டார்கள். காட்டுக்கறியை விற்பதைத் தடுத்தார்கள். அந்தத் தடை இன்றும் இருக்கிறது, நான் சுமந்துவந்த கறியை யாருக்கும் ஒரு டாலருக்குக்கூட விற்க முடியாது, கொடுக்கத்தான் முடியும். 1937இல் வந்த சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மேல் வசூலிக்கும் வரி வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. இன்று அமெரிக்காவில் எல்க் அதிகமாக இருப்பது கொலராடோவில்தான். வேட்டைக்காரன் புண்ணியவான் என்று சொல்ல வரவில்லை. அழித்ததும் வேட்டைதான், காப்பாற்றும் காசில் ஒரு பங்கு வருவதும் வேட்டையிலிருந்துதான். கொம்புக்காக மட்டும் சுட்டுவிட்டுக் கறியைப் போட்டுவிட்டு வருவது இங்கேயும் குற்றம். இந்தக் கேள்வி பதில் இழையே சுமப்பதைப் பற்றி என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

என் அம்மாவுக்கு ஃபோனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “ஈரலை என்ன பண்ணே?” என்றார்.

அக்டோபர் 4

செங்குத்துச் சரிவில் அறுப்பது எப்படி என்று கேட்டவருக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், சமதரையில் எடுத்த வீடியோக்கள் இங்கே உதவாது.

முதல் வேலை கயிறு. விழுந்த எல்க் விழுந்த இடத்திலேயே கிடக்கும் என்று நம்பாதீர்கள், தோலில் கை வைத்ததும் வழுக்க ஆரம்பிக்கும். கொம்பை மேல்பக்க மரத்தில் கட்டுங்கள். மேலே இருக்கும் பின்னங்காலை இன்னொரு மரத்துக்கு இழுத்துக் கட்டினால் கூட ஒரு ஆள் பிடித்துக்கொண்ட மாதிரி. நீங்கள் எப்போதும் மேல்பக்கம் நில்லுங்கள். எல்க்குக்குக் கீழே உட்கார்ந்து அறுக்கிறவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வயிற்றைத் திறக்கவே வேண்டாம். முதுகெலும்பு நெடுகத் தோலைக் கீறி வயிற்றுப் பக்கமாக உரித்துக்கொண்டு போங்கள். கத்தியின் கூர் மேலே பார்க்கவேண்டும், தோலின் உள்பக்கத்திலிருந்து வெளியே அறுக்கவேண்டும். மேலிருந்து அறுத்தால் முடி பொடிப்பொடியாக வெட்டுப்பட்டுக் கறி முழுக்க ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். உரித்த தோலையே விரிப்பாகப் போட்டு அதன்மேல் வேலை செய்யலாம்.

முன்கால் எளிது. தோள்பட்டை எலும்பு உடம்போடு எலும்பாகச் சேர்ந்திருப்பதில்லை, சதைதான் பிடித்துவைத்திருக்கிறது. காலைத் தூக்கி அடியில் கத்தியை ஓட்டிக்கொண்டே போனால் கழன்று கையோடு வந்துவிடும். பின்னந்தொடைக்கு இடுப்பெலும்பை ஒட்டியே கத்தி போகவேண்டும். மூட்டை எட்டியதும் காலை வெளிப்பக்கம் சாய்த்தால் ‘பொக்’ என்று ஒரு சத்தம், உள்ளே வெள்ளைப் பந்து பளபளவென்று தெரியும். நடுவில் ஒரு நார் இருக்கும். அதை அறுத்த நொடி முழுக்காலும் உங்கள் மடியில். அதற்குமுன் காலில் ஒரு கயிற்றைச் சுற்றிவிடுங்கள். உருண்டால் ஓடையில் போய்த்தான் நிற்கும்.

முதுகுக்கறி, கழுத்து, விலா இடுக்கு. பிறகு கடைசி விலாவுக்குப் பின்னால் கையை விட்டுக் குடலை அழுத்திப் பிடித்து, முதுகெலும்பின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெத்தென்ற துண்டை விரலாலேயே பிரித்து எடுங்கள். அதை மறக்கக் கூடாது. சட்டப்படியும் கூடாது, நாக்கின்படியும் கூடாது. பிறகு புரட்டிப் போட்டு மறுபக்கம்.

மாற்று பிளேடு போடும் கத்தி வைத்திருப்பவர்கள் மூட்டில் அதை நெம்பாதீர்கள். உடைந்த துண்டு கறிக்குள் போனால் தேடி மாளாது.

அக்டோபர் 5

கரடி. கொலராடோவில் கருங்கரடி, வயோமிங், மான்டானா என்றால் கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடியும் உண்டு. அறுத்த இடத்தில் கறியை விடாதீர்கள். நூறு கஜமாவது தள்ளி, திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற இடத்தில் தொங்கவிடுங்கள். திரும்பி வரும்போது சத்தம் போட்டுக்கொண்டே வாருங்கள். என்ன சத்தம் என்று கேட்காதீர்கள், நான் பாடுவது பழைய டி.எம்.எஸ். பாட்டு. இதுவரை எந்தக் கரடியும் நின்று கேட்டதில்லை.

அக்டோபர் 12

கொலராடோ சட்டம் சுருக்கமாக. 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். ரைபிள் சீசனில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சோ பிங்க்கோ, தலையிலும் அதே நிறம். பல யூனிட்டுகளில் (வேட்டைப் பகுதிகளில்) ஆண் எல்க்குக்கு ஒரு கொம்பில் நாலு கிளையாவது, இல்லையென்றால் நெற்றிப்பக்கக் கிளை அஞ்சு அங்குலமாவது இருக்கவேண்டும், பார்த்துவிட்டுச் சுடுங்கள். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு ஏதாவது ஒரு கறித்துண்டோடு ஒட்டியபடியே வரவேண்டும், தனிக்கறி என்றாலும். அவசரத்தில் நறுக்கி எறிந்துவிட்டு முழிப்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

அக்டோபர் 17

குதிரைக்காரரை அமர்த்தலாமா என்றால் தாராளமாக. நல்ல கோவேறு கழுதை ஒன்று 70 கிலோவைச் சுமக்கும், ஒரு எல்க்குக்கு இரண்டு போதும். லாமா (ஒட்டகக் குடும்பத்துச் சின்னப் பிராணி) என்றால் ஒன்றுக்கு 30 கிலோ, நாலு வேண்டும். ஆனால் லாமா சாது, வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம். குதிரைக்கு இரத்தவாடை பழகியிருக்கவேண்டும், பழகாததன் மேல் கறியை ஏற்றினால் கறி ஒரு ஊர், குதிரை ஒரு ஊர். இரண்டு பக்கத்துப் பையும் எடையில் சமமாக இருக்கவேண்டும், சின்னத் தராசு கொண்டுபோங்கள். உரிமம் இல்லாமல் “காசு கொடு, இறக்கித் தருகிறேன்” என்பவரிடம் போகாதீர்கள், அது சட்டவிரோதம். உரிமம் உள்ளவரிடம் சீசனுக்கு முன்னாலேயே பேசிவையுங்கள். மலைமேல் நின்று சாட்டிலைட் ஃபோனில் கெஞ்சினால், அவர் இன்னொருவர் எல்க்கோடு இருப்பார்.

நவம்பர் 5

கேள்வி கேட்ட தம்பியே வந்து எழுதிவிட்டார், எல்க் கிடைத்துவிட்டதாம். வண்டிக்கு மேலே, ரெண்டு மைலுக்கும் குறைவான தூரத்தில், இருண்ட வடக்குச் சரிவில் விழுந்ததாம். அறுத்து முடிக்கவே இருட்டிவிட்டதாம், மறுநாள் முழுக்கச் சுமந்தாராம். தீபாவளிப் பலகாரம் முழுவதும் மலையிலேயே தீர்ந்ததாம். கால் நகம் ஒன்று போயிற்று என்கிறார். அது முளைத்துவிடும், இறக்கத்தில் ஷூ லேஸை இறுக்கிக் கட்டினால் அடுத்தமுறை தப்பிக்கும். அஞ்சு மைல் திட்டத்தைப் பற்றி அவரே மூச்சுவிடவில்லை, நானும் கேட்கவில்லை.

கொழுப்பை என்ன செய்வது, எந்தக் கறியை எப்படிச் சமைப்பது, மிஞ்சியதை என்ன செய்வது என்ற அவருடைய மூன்று கேள்விகளுக்கு: ஆண் எல்க்கின் கொழுப்பு ஆறினால் மேல்வாயில் மெழுகாகப் படியும், வெட்டும்போதே முழுக்கச் சீவிவிடுங்கள், தாளிப்புக்கு நல்லெண்ணெய் போதும். முதுகுக்கறியைக் குழம்பில் போட்டுக் கெடுக்காதீர்கள், கல்லில் சுக்காவாக அரைவேக்காட்டில் எடுங்கள். கழுத்தும் முழங்கால் சதையும் குக்கருக்கு. மிஞ்சியதை உப்புக்கண்டம் போடலாம், இங்கே ஈரப்பதம் குறைவு, நம் ஊரைவிட வேகமாகக் காயும்.

நவம்பர் 6

ஒன்று விட்டுப்போயிற்று. அவர் பொங்கலுக்குத் தமிழ்ச்சங்கத்தில் எல்லோருக்கும் பிரியாணி என்று அறிவித்திருக்கிறார். தம்பி, தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்தீர்களா? கொலராடோ மான்களில் ‘சி.டபிள்யூ.டி.’ என்ற மூளைநோய் இருக்கிறது, முதன்முதலில் அடையாளம் கண்டதே 1967இல் ஃபோர்ட் காலின்ஸில்தான். வேகவைத்தால் அது சாகாது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை, ஆனாலும் நோய் உள்ள விலங்கின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் பொதுச்சுகாதாரத் துறையின் அறிவுரை. நோயுள்ளது பார்க்க நன்றாகவே இருக்கலாம், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பொட்டலங்களில் தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். முடிவு வந்தபிறகு பாசுமதி வாங்கினால் போதும்.